வீட்டு ஓவனில் தேங்காய் மக்ரூன்: சேலத்திலும் ஏற்காட்டிலும் புதிதாகச் செய்பவர்களுக்கு

தேங்காய் மக்ரூனுக்குக் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் ஐந்து வரியில் முடிந்துவிடும். தேங்காய், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, கலக்கு, சுடு. அதை நம்பி இறங்கினால் ஒரு தடவை மொரமொரவென்று உடையும், அடுத்த தடவை தட்டில் ஒழுகி அடை ஆகிவிடும், இன்னொரு தடவை நன்றாக வந்து மறுநாள் காலையில் டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம். தேங்காயில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, வாணலியில் எவ்வளவு போகிறது, ஓவனில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கவனித்தால் போதும். வெளியே லேசான மொறுமொறுப்பும், கடித்தால் உள்ளே ஜவ்வாக இழுபடும் பதமும் ஒவ்வொரு முறையும் வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலிலேயே ஒன்று. தூத்துக்குடி மக்ரூனை மனதில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். அது முந்திரியில் செய்வது. வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிக்க வேண்டும், வாயில் போட்டதும் கரைய வேண்டும். இதில் அடிக்கிற வேலையே இல்லை. முட்டை அடிக்கும் பீட்டர் கருவி வாங்காதீர்கள்.

1. பிளக்கும் ஓவனும்

25 அல்லது 30 லிட்டர் ஓடிஜி, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த சின்ன மின் ஓவன் போதும். கன்வெக்‌ஷன் வசதி உள்ள மைக்ரோவேவிலும் செய்யலாம், ஆனால் வெறும் மைக்ரோவேவில் முடியாது, மேல் சிவக்காது.

ஓடிஜியைச் சாதாரண சின்ன பிளக்கில் செருகாதீர்கள். 1500 வாட் ஓவன் ஆறரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏசி, கீசருக்குப் போடுகிற 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் அடுப்படியில் பவர் பிளக்கே இருக்காது. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், வயர் சூடாகி உருகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்துவிட்டு, பிறகு ஓவன் வாங்குங்கள்.

ஓவன் குமிழியில் 160 என்று வைத்தால் உள்ளே 160 டிகிரிதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிலதில் 20 டிகிரி கூட இருக்கும், சிலதில் குறையும். உள்ளே வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதையும் ஒரு டிஜிட்டல் தராசையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். கப் கணக்கில் அளந்தால் தேங்காய் ஒவ்வொரு முறையும் வேறு எடை வரும்.

இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதி வெந்த மக்ரூனை மறுபடி சூடேற்றி எடுத்தால் அது காய்ந்த மக்ரூன்தான்.

2. தேங்காய்: பாதிப் பேர் தோற்பது இங்கேதான்

உங்களுக்கு வேண்டியது டெசிகேட்டட் கோகனட். கடையில் "தேங்காய்ப் பவுடர்" என்று கேட்டால் நான்கு வெவ்வேறு பொருள்களில் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒன்று, நமக்கு வேண்டிய அசல் சரக்கு. பழுப்புத் தோல் சீவிய வெள்ளைத் தேங்காயைத் துருவி உலர்த்தியது. விரல் நுனியில் எடுத்து அழுத்தித் தேய்த்தால் எண்ணெய் மினுமினுப்பு ஒட்டும், மணமும் வரும்.

இரண்டு, தேங்காய்ப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை உலர்த்தியது. பார்க்க முன்னதை விட வெள்ளையாக, அழகாக இருக்கும், விலையும் குறைவு. தேய்த்தால் விரலில் ஒன்றுமே ஒட்டாது. எண்ணெய் போய்விட்டதால் எவ்வளவு வெள்ளைக்கரு ஊற்றினாலும் குடித்துவிட்டு வறட்டு வறட்டென்று நிற்கும். இதில் செய்தால் ஜவ்வுப் பதம் வரவே வராது.

மூன்று, கொப்பரைத் துருவல். மஞ்சள் ஓடியிருக்கும். பொடிக்கும் சட்னிக்கும் நல்லது. இதில் சுட்டால் எண்ணெய் கசிந்து அடியில் தேங்கும்.

நான்கு, தேங்காய்ப் பால் பவுடர். ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஆர்டர் போடுகிறவர்கள் மாட்டுவது இதில்தான். பாக்கெட்டில் "பால்" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கத்து மொத்த மளிகைக் கடைகளில் அசல் சரக்கு கிலோ கணக்கில் கிடைக்கும். மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லி, ஒரு சிட்டிகை வாயில் போட்டு மெல்லுங்கள். காறல் அடித்தால் அந்தக் கடையில் அன்றைக்கு வாங்காதீர்கள். சர்க்கரையும் வெனிலாவும் சேர்த்தாலும் அந்த வாடை போகாது. மிக நைஸாக இருப்பதை விட, ரவை பருமனில் இருப்பதையே கேட்டு வாங்குங்கள். நைஸ் சரக்கில் கடிக்க ஒன்றும் இருக்காது. ஒரேயடியாக ஐந்து கிலோ வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். சித்திரை வெயிலில் சேலத்து வீட்டு அலமாரியில் இருந்தால் சீக்கிரம் காறிவிடும். ஒரு கிலோ வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வீட்டில் தேங்காய் இருக்கிறது, அதிலேயே செய்ய வேண்டும் என்றால் செய்யலாம். ஆனால் பச்சைத் தேங்காயின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அப்படியே போட்டால் கலவை ஒழுகும். முற்றிய காயாக உடைத்து, ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வராமல் வெள்ளையை மட்டும் துருவுங்கள். அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, 100 டிகிரியில் ஓவனில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். நிறம் மாறக் கூடாது. 400 கிராம் துருவல் 220 கிராமுக்கு இறங்கியதும் எடுத்துவிடுங்கள். கையில் அள்ளினால் உதிர வேண்டும், ஆனால் சரசரக்கக் கூடாது. நேரத்தைப் பார்க்காமல் தராசைப் பாருங்கள், காய்க்குக் காய் ஈரம் மாறும். கடையில் வாங்கியதை விட இதில் மணம் பல மடங்கு கூட. எனக்கு இதுதான் பிடிக்கும், ஆனால் முதல் முறையே இதில் இறங்காதீர்கள்.

3. அளவு

டெசிகேட்டட் தேங்காய் 200 கிராம். சர்க்கரை 160 கிராம். வெள்ளைக்கரு 120 கிராம். தேன் 20 கிராம், அதாவது ஒரு டேபிள்ஸ்பூன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஸ்டார்ச் 15 கிராம். உப்பு கால் டீஸ்பூன். வெனிலா ஒரு டீஸ்பூன்.

நாமக்கல்லிலிருந்து வரும் சாதாரண முட்டையில் ஏறத்தாழ 30 கிராம் வெள்ளைக்கரு இருக்கும், நான்கு முட்டை கணக்கு. சின்ன முட்டையானால் ஐந்து ஆகும், நிறுத்தே போடுங்கள். முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பிரித்தால் மஞ்சள் கரு உடையாமல் வரும். கொஞ்சம் மஞ்சள் விழுந்துவிட்டாலும் பரவாயில்லை, நாம்தான் நுரைக்க அடிக்கப் போவதில்லையே. மிச்ச மஞ்சள் கருக்களை அன்றைக்கே பொடிமாஸுக்கோ கஸ்டர்டுக்கோ பயன்படுத்திவிடுங்கள்.

சர்க்கரையைக் குறைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். 140 கிராம் வரை இறங்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதுதான். சர்க்கரையைக் குறைத்தால் ஜவ்வும் குறையும். தேனும் அதே வேலைக்குத்தான். ஏற்காடு போகிறவர்கள் மலைத்தேன் வாங்கி வந்தால் அதையே போடுங்கள், சுவை எடுப்பாக இருக்கும்.

ஸ்டார்ச்சை எங்கே தேடுவது என்று மற்ற ஊர்க்காரர்கள் யோசிக்கலாம். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலத்தில் அந்தக் கவலை இல்லை. மைதாவை விட இது நன்றாகப் பிடிக்கும், கடிபடும்போது இழுவையும் கொடுக்கும். மரவள்ளி ஸ்டார்ச் என்று தெளிவாகக் கேளுங்கள். வெறுமனே கிழங்கு மாவு என்றால் சில கடைகளில் கிழங்கை உலர்த்தி அரைத்த மாவைத் தருவார்கள், அது வேறு.

முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு 200 கிராம் தேங்காய்க்கு 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க், உப்பு, வெனிலா, அதே ஸ்டார்ச். சர்க்கரையும் தேனும் வேண்டாம், வாணலி வேலையும் இல்லை. கலந்து பத்து நிமிடம் விட்டு உருட்டிச் சுடுங்கள். சீக்கிரம் சிவந்துவிடும், 150 டிகிரி போதும். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பர்ஃபி பக்கம் சாய்ந்த பதம்.

4. வாணலியில் கிளறுவது

இந்தப் படியைத்தான் எல்லாச் செய்முறைகளும் விட்டுவிடுகின்றன. பச்சையாகக் கலந்து அப்படியே சுட்டால் சர்க்கரை முழுசாகக் கரைந்திருக்காது, தேங்காயும் ஊறியிருக்காது. ஓவனில் சர்க்கரை தனியாக உருகி அடியில் பாகாக வழியும்.

அடி கனமான வாணலியை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு வாணலி வேண்டாம், கலவை கறுக்கும். வெனிலா தவிர எல்லாவற்றையும் போட்டுக் கலந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். சூடான வாணலியில் வெள்ளைக்கருவை ஊற்றினால் அது ஆம்லெட்.

சிம்மிலேயே வைத்து, மரக்கரண்டியால் அடியோடு வழித்து வழித்துக் கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடம் கரகரவென்று கெட்டியாக இருக்கும். பிறகு சர்க்கரை கரைந்து கலவை திடீரென்று நெகிழும், பளபளக்கும். தண்ணியாகிவிட்டதே என்று பயந்து தேங்காயை அள்ளிப் போடாதீர்கள், கிளறிக்கொண்டே இருங்கள். இன்னும் மூன்று நான்கு நிமிடத்தில் பளபளப்பு அடங்கி, லேசாக ஆவி எழும்பி, ரவா கேசரி சட்டியை விட்டு ஒதுங்குவது போலக் கரண்டியோடு சுருண்டு வரும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு போட்டால் வாணலியின் அடி தெரிய வேண்டும், அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அப்போதே இறக்கிவிடுங்கள்.

ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் முட்டை வேக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கும். சர்க்கரை இருப்பதால் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவே. புள்ளியைப் பார்த்த நொடியில் வாணலியைத் தூக்கி ஈரத்துணி மேல் வைத்து வேகமாகக் கிளறுங்கள், காப்பாற்றிவிடலாம்.

வெனிலாவை இறக்கிய பிறகு சேருங்கள். மூடி போட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

5. உருட்டுவது

ஆறிய கலவையில் 25 கிராம் எடுத்து உள்ளங்கையில் பிடித்தால் நிற்க வேண்டும். ஒழுகினால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் வெள்ளைக்கரு சேர்த்துப் பிசையுங்கள். இந்த அளவுக்கு 18 முதல் 20 வரும். கையை நனைத்துக்கொண்டால் ஒட்டாது. சின்ன ஐஸ்க்ரீம் ஸ்கூப் இருந்தால் இன்னும் சுலபம். மேல்புறத்தைத் தட்டி வழவழப்பாக்காதீர்கள். துருத்திக்கொண்டிருக்கும் இழைகள்தான் சிவந்து மொறுமொறுப்பாகும்.

தட்டில் பட்டர் பேப்பர் கட்டாயம். மளிகைக் கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் மெழுகு பூசிய தாளையும் தருவார்கள். அது ஓவன் சூட்டில் உருகி மக்ரூனோடு ஒட்டிக்கொள்ளும். பேக்கிங் பேப்பர் என்று எழுதி, எத்தனை டிகிரி தாங்கும் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

6. சுடுவது

ஓவனை 160 டிகிரிக்குப் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய வேண்டும். தட்டு நடு அடுக்கில். 12 நிமிடம் ஆனதும் தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். வீட்டு ஓவன்களில் பின்பக்கம்தான் முதலில் கருகும்.

20 நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். இழைகளின் நுனி பொன்னிறமாகவும், பக்கவாட்டு வெளிர் நிறமாகவும் இருக்கிறபோது எடுக்க வேண்டும். பக்கமும் சிவந்துவிட்டால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றை விரலால் அழுத்திப் பாருங்கள்: மேல் தோல் லேசாகத் தடுக்கும், உள்ளே அமுங்கும். இது வேகவில்லையோ என்ற சந்தேகம் வரும், இன்னும் ஐந்து நிமிடம் விடலாமே என்று கை துறுதுறுக்கும். விடாதீர்கள். சூடாக இருக்கும்போது மெத்தென்று இருப்பதுதான் ஆறியதும் ஜவ்வாகும். சூட்டிலேயே கெட்டியாக இருப்பது ஆறினால் பல்லை உடைக்கும். மேல் மட்டும் வேகமாகச் சிவந்தால் அலுமினியத் தாளை லேசாக மேலே போட்டுவிடுங்கள்.

எடுத்த உடனே பேப்பரிலிருந்து உரிக்கக் கூடாது, அடி பிய்ந்துவிடும். தட்டிலேயே பத்து நிமிடம், பிறகு கம்பி வலையில் ஒரு மணி நேரம்.

ஏற்காட்டில் சுடுகிறவர்களுக்குத் தனியாக: 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கலவையிலிருந்து ஈரம் சீக்கிரம் போய்விடும். வெள்ளைக்கருவில் 10 கிராம் கூடப் போடுங்கள், 18 நிமிடத்திலேயே பார்க்க ஆரம்பியுங்கள்.

7. எடுத்து வைப்பது

முழுக்க ஆறாமல் டப்பாவில் போட்டால் உள்ளே வேர்த்து, மேல் தோல் நசநசத்துப் போகும். ஆறின பிறகும் திறந்தே வைத்தால், சேலத்து வெயில் காலத்தில் காய்ந்துபோகும். ஐப்பசி மழையிலும் ஏற்காட்டு மூடுபனியிலும் அதற்கு நேர் எதிர். சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். ஏற்காட்டில் சன்னலைச் சாத்திவிட்டு ஆறவையுங்கள், கை தொட்டுச் சூடு தெரியாத நிமிடமே டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

சுட்ட அன்று மாலை மொறுமொறுப்பு அதிகம். மறுநாள் உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கும் பரவி ஜவ்வு கூடியிருக்கும். என் ருசிக்கு மறுநாள் காலை காபியோடுதான் சரி. வெளியில் நான்கு நாள், ஃபிரிட்ஜில் பத்து நாள்.

8. செலவு

தேங்காய் கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 80 ரூபாய். நான்கு முட்டை 25. சர்க்கரை 8. தேன் 10. ஸ்டார்ச், வெனிலா, உப்பு எல்லாம் சேர்த்து 5. பேப்பர் 6. கரண்ட் ஒரு யூனிட்டைத் தாண்டாது, 6 ரூபாய் போடுங்கள். மொத்தம் 140, ஒன்றுக்கு 8 ரூபாய்க்குள் அடங்கும். இதில் தேங்காய் மட்டுமே பாதிக்கு மேல். 2025-ல் தேங்காய் விலை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் விற்கிறவர்கள் விலைப்பட்டியலை வருடக் கணக்கில் நிரந்தரமாக வைக்காதீர்கள். டப்பா, லேபிள், உங்கள் இரண்டு மணி நேர உழைப்பு மூன்றையும் சேர்த்தே விலை வையுங்கள். பலர் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

9. ஆர்டர் எடுக்க ஆரம்பித்தால்

அக்கம்பக்கத்தில் கொடுத்துப் பார்த்து, காசுக்கு விற்கத் தொடங்கினால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வீட்டு அடுப்படியில் செய்தாலும் வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சின்ன அளவில் செய்பவர்களுக்கு "பதிவு", பெரிய அளவுக்கு "உரிமம்". இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், பதிவுக்குப் படிவம் ஏ. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை ஆதார் போன்ற அடையாளச் சான்று, பாஸ்போர்ட் அளவு புகைப்படம். ஆதாரில் இருக்கும் முகவரியும் சமைக்கும் முகவரியும் வேறாக இருந்தால் கரண்ட் பில், வீட்டு வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நான் பதிவு செய்தபோது கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய், ஒன்று முதல் ஐந்து வருடம் வரை சேர்த்துக் கட்ட முடிந்தது. நீங்கள் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் காட்டும் தொகையைக் கட்டுங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்பவை பல நேரம் தனியார் தளங்கள். அரசுத் தளம் போலவே இருக்கும், ஆயிரக்கணக்கில் கேட்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உங்கள் விவரத்தைக் கொடுங்கள். வரைபடம், இயந்திரப் பட்டியல் எல்லாம் வேண்டும் என்று ஏஜென்ட் மிரட்டினால், அவை உரிமத்துக்கு என்று சொல்லுங்கள்.

விண்ணப்பம் போய் 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், இல்லை காரணம் சொல்லி மறுக்க வேண்டும், இல்லை ஆய்வுக்கு நோட்டீஸ் தர வேண்டும். ஆய்வு என்றால் 30 நாள் வரை ஆகும். அதனால் தீபாவளி ஆர்டருக்கு ஆடியிலேயே விண்ணப்பியுங்கள். ஏற்காடு கோடை விழாவை ஒட்டி விற்க நினைப்பவர்கள் பங்குனிக்குள் கையில் எண் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வருவது 14 இலக்க எண். அது லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ இலச்சினையோடு வர வேண்டும். கூடவே உங்கள் பெயர், முகவரி, தொடர்பு எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், பேட்ச் எண். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசைப்படுத்த வேண்டும்: தேங்காய், சர்க்கரை, வெள்ளைக்கரு, தேன், ஸ்டார்ச், வெனிலா, உப்பு. முட்டை இருக்கிறது என்று ஒவ்வாமைக் குறிப்பு தனியாக.

இங்கே ஒரு பொறி. பேக்கரிப் பண்டம்தானே என்று பச்சைப் புள்ளி வைத்துவிடுவார்கள். முட்டை சேர்த்தாலே அசைவக் குறிதான்: பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பக்கத்தில் "முட்டை மட்டும் உள்ளது" என்று எழுதிக்கொள்ளலாம். சேலத்தில் "முட்டை சேத்திருக்கா அக்கா?" என்று கேட்டே வாங்குகிற வீடுகள் நிறைய. அவர்களுக்கு முட்டையில்லாததைச் செய்து தருவதாக இருந்தால் தட்டு, கரண்டி, டப்பா எல்லாம் தனியாக வையுங்கள். அதன் லேபிளில் கண்டென்ஸ்டு மில்க் இருப்பதால் பால் என்ற குறிப்பு வர வேண்டும்.

அடியில் சாக்லேட் தோய்த்துக் கொடுக்கிறவர்கள் மாசி முடிந்ததும் அதை நிறுத்திவிடுங்கள். அசல் சாக்லேட் 34 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஏப்ரல், மே மாதச் சேலத்தில் டெலிவரிப் பையன் அஞ்சு ரோட்டைத் தாண்டுவதற்குள் அது டப்பாவில் பூசிக்கொள்ளும். வெறும் மக்ரூன் அந்தச் சூட்டைத் தாங்கும்.

பதிவுச் சான்றிதழை அச்செடுத்து, அடுப்படியில் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டிவையுங்கள். அதுவும் விதிதான்.